ஆற்றங்கரை ரோட்டு மீன் சாப்பாடும் இடியோசின்க்ரஸிங்கிற வார்த்தையும்

உச்சிப்புளியில மெயின் ரோட்ட விட்டு அழகன்குளம், ஆற்றங்கரைங்கிற ஊருங்க பக்கம் பிரியுற ரோட்டுல ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்கு. போர்டு கிடையாது. ஓட்டு வீட்டோட முன்பக்கம்தான் கடை, நாலு பெஞ்சு, ஒரு தண்ணி டிரம், வாசல்ல ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். ராமநாதபுரம் மாவட்டத்துல நான் வெளிய சாப்பிட்டதுலயே நல்ல மீன் குழம்பு இங்கதான் கிடைக்குது, இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ நிறைய வேற விசயமும் பேசப் போறேன், அதுல இது மறைஞ்சு போயிறக் கூடாது.

சாப்பாடு 120 ரூபா, மீன் தனி, அன்னைக்கு கரையில என்ன விலைக்கு எடுத்தாரோ அத வச்சு சொல்வாரு. சோறு, குழம்பு, ரசம், வெஞ்சனம் ஒண்ணு, அப்பளம். குழம்பு மண்சட்டியில வைக்கிறது, காலையில பத்து மணிக்கெல்லாம் இறக்கி வச்சுட்டு ஒரு மணிக்குதான் மூடியவே தொறப்பாங்க. புளி முன்னாடி நிக்காது, தேங்காயும் அமுக்காது, மீன் துண்டுக்குள்ள வரைக்கும் உப்பும் காரமும் எறங்கியிருக்கும். மிளகா நம்ம ஊரு முண்டு வத்தல்தான், உருண்டையா தடிச்ச தோலோட இருக்குமே அது, 2023ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்களே அதேதான். கலரு நல்லா எறங்கும், காரம் தொண்டையில குத்தாம நாக்குல நிக்கும். மசாலாவ அக்காதான் அம்மியில அரைக்கிறாங்க, மிக்ஸிய இதுக்குத் தொட மாட்டாங்க. மல்லி எம்புட்டு, சீரகம் எம்புட்டு, மிளகு எம்புட்டு, சின்ன வெங்காயம் எப்ப சேருதுன்னு கேட்டா சொல்லவும் செய்றாங்க, ஒளிக்கிறதில்ல. ஆனா அதே சாமான வாங்கி அதே அளவுல எங்க வீட்ல வச்சாலும் அந்தக் குழம்பு வர மாட்டேங்குது, எங்க வீட்டுக் குழம்பு எங்க வீட்டுக் குழம்பா தான் வருது. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ இதுக்கு வேலை இருக்கு.

இப்ப கடைக்காரர் அண்ணன். இவரப் பத்திதான் ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. உள்ளூர்க்காரங்க கிறுக்குன்னு செல்லமா சொல்றாங்க. ராமேஸ்வரம் போற வழியில சாப்பிட வந்த ஒரு குடும்பம் பக்கத்து பெஞ்சுல உக்காந்து எக்சென்ட்ரிக் எக்சென்ட்ரிக்னு, அதாவது ஒரு மாதிரியான ஆளுன்னு, அவங்களுக்குள்ள பேசி சிரிச்சாங்க, அவங்கள்ல ஒருத்தர் திமிருன்னே சொன்னாரு. எனக்கு அது பிடிக்கல. நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கிறவன், அந்த வார்த்தையும் தப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணமும் தப்புன்னு தோணுச்சு, தலைப்புல இருக்கிற இடியோசின்க்ரஸிதான் இவருக்குப் பொருந்துற வார்த்தைன்னு சொல்லத்தான் இத எழுத உக்காந்தேன்.

அவரு அப்படி என்னதான் பண்றாருன்னு கேட்டா, முதல் விசயம், மீன எந்தக் கடல்னு சொல்லாம இலையில வைக்க மாட்டாரு. உச்சிப்புளி ரெண்டு கடலுக்கும் நடுவுல இருக்கிற ஊரு, வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, நம்ம சனங்க வடகடல் தென்கடல்னு சொல்றது. "இது தென்கடல் விளமீன் தம்பி, இது வடகடல் நகரை"ன்னு சொல்லிட்டுதான் வைப்பாரு, நீங்க கேக்கவே வேணாம். வெளியூர்க்காரங்களுக்கு இது என்னடா உபதேசம்னு இருக்கும், ஆனா வடகடல் ஆழம் கம்மி, சேறும் கடல்புல்லும் உள்ள தரை, தென்கடல்ல பவளப்பாறை, மீனோட ருசி ரெண்டுலயும் ஒண்ணா இருக்காதுன்னு அவரு சொல்றது சாப்பிட்டுப் பாத்தா தெரியும். வாடைக்காத்து அடிக்கிற மாசங்கள்ல வடகடல் கொந்தளிக்கும், கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்துல தென்கடல் கொந்தளிக்கும், அந்தந்த காலத்துக்கு இவரு மீன் எடுக்கிற கரையும் மாறிரும். விசைப்படகு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகு நாலு நாள்னு இந்தப் பக்கம் ஒரு ஏற்பாடு இருக்குல்ல, இவரு நாட்டுப்படகு மீன் மட்டும்தான் எடுப்பாரு. அன்னைக்கு சரியா படலேன்னா ஒரு அட்டையில "மீன் இல்லை"ன்னு எழுதி தொங்க விட்டுட்டு கருவாட்டுக் குழம்பு ஊத்துவாரு. ஐஸ்ல வச்ச மீன் கடைக்குள்ளயே வராது.

ரெண்டாவது, குழம்பு பார்சல் வேணும்னா நீங்கதான் தூக்குவாளி கொண்டு போகணும். சூடான குழம்ப பிளாஸ்டிக் கவர்ல ஊத்த மாட்டாரு, காசு கூட குடுக்கிறேன்னாலும் மாட்டாரு. மூணாவது, மீன் சாப்பிட்ட இலையில மோரு ஊத்த மாட்டாரு, தயிரும் கிடையாது, கேட்டா ரசத்த இன்னொரு கரண்டி ஊத்திட்டு போயிருவாரு. மீனும் தயிரும் சேராதுங்கிறது நம்ம பக்கத்துல பாதி வீட்டுல சொல்றதுதான், அத நான் ஏத்துக்கல, அவருகிட்டயே சொல்லியிருக்கேன், அவரு கேட்டுக்கிட்டாரு, மோரு மட்டும் வரல.

நாலாவதுதான் எல்லாரையும் எரிச்சல் படுத்துறது. புதுசா வர்ற எவரா இருந்தாலும், கலெக்டரா இருந்தாலும் சரி, இலை போடுறதுக்கு முன்னாடி நேரா வந்து நின்னு "எறா, நண்டு ஒத்துக்குமா? இதுக்கு முன்ன சாப்பிட்டு ஒடம்பு தடிச்சிருக்கா? வாய் அரிச்சிருக்கா?"ன்னு கேப்பாரு. ஒத்துக்கும்னு சொன்னாலும் விட மாட்டாரு, கூட வந்த புள்ளைங்களக் காட்டி "இதுகளுக்கு?"ன்னு கேப்பாரு. எறா வறுக்கிற சட்டி தனி, கரண்டி தனி, எண்ணெய் தனி, அந்தச் சட்டியில மீன் வறுக்கவே மாட்டாரு. அந்தக் குடும்பம் எக்சென்ட்ரிக்னு சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

எக்சென்ட்ரிக்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாத்துருவோம். கிரேக்கத்துல எக் அப்படின்னா வெளிய, கென்ட்ரான்னா மையம். அது வானநூல் வார்த்தை. பூமிதான் நடுவுல இருக்குன்னு நம்புன காலத்துல, கிரகம் சுத்துற வட்டத்தோட மையம் பூமியில இல்லாம கொஞ்சம் தள்ளி இருக்குன்னு கணக்கு போட்டாங்க, தாலமிங்கிற பழைய வானநூல்காரரும் அந்தக் கணக்கத்தான் போட்டாரு, அப்படித் தள்ளி இருக்கிற வட்டத்துக்குத்தான் அந்தப் பேரு. மனுசங்களச் சொல்றதுக்கு அது பின்னாடிதான் வந்துச்சு. ஆக ஒருத்தர எக்சென்ட்ரிக்னு சொன்னா, நடுவு இங்க இருக்கு, அவரு அதவிட்டு விலகிட்டாருன்னு அர்த்தம் ஆகிப்போகுது, அந்த நடுவுல நிக்கிறது யாருன்னா சொல்றவங்கதான்.

இடியோசின்க்ரஸி (idiosyncrasy) அப்படி இல்ல. எனக்கு இங்கிலீஷ்ல ரொம்பப் பிடிச்ச வார்த்தைகள்ல இது ஒண்ணு, பசங்க ஒன் வேர்டு கேள்விக்கு மனப்பாடம் பண்ணி "விசித்திரப் பழக்கம்"னு எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துருவாங்க, அது எனக்கு வருத்தமாவே இருக்கும். மூணு கிரேக்கத் துண்டு அதுல. இடியோஸ்னா தனக்கே சொந்தமான. சின் அப்படின்னா சேர்ந்து. க்ராசிஸ்னா கலவை. மூணையும் சேத்தா ஒருத்தருக்கே சொந்தமான கூட்டுக் கலவைன்னு வருது. இதுல விலகல்னு எதுவும் இல்ல, பைத்தியம்னு எதுவும் இல்ல, நடுவுன்னு ஒண்ணே கிடையாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலவை, அம்புட்டுதான். அக்காவோட அம்மி மசாலாவ மேல சொன்னேன்ல, அதேதான். சாமான் எல்லா வீட்லயும் இருக்கிற சாமான்தான், சேந்த விதம்தான் அவங்களோடது.

கலவைன்னா எதோட கலவைன்னு கேக்கணும். பழைய கிரேக்க மருத்துவத்துல ஒடம்புல ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம்னு நாலு நீரு இருக்கு, அது கலந்திருக்கிற விகிதம்தான் ஆளோட ஒடம்பும் குணமும்னு நம்புனாங்க. கேலன்னு ஒரு வைத்தியர், இன்னைக்கு சுமார் 1800 வருசத்துக்கு முன்ன இருந்தவரு, அவரு எழுதின நூல் ஒண்ணோட பேரே கலவைகளப் பத்திங்கிறதுதான், அதுலயும் இதே க்ராசிஸ் தான். நம்ம சித்த வைத்தியத்துல வாதம், பித்தம், கபம்னு மூணு வச்சு நாடி பாக்கிறோமே, கணக்கு வேறன்னாலும் யோசனை கிட்டத்தட்ட அதே தெசையில போறதுதான். நம்ம பாட்டிங்க "அவனுக்குப் பித்த ஒடம்பு, அவனுக்கு அது சேராது"ன்னு சொன்னா கேலனுக்கு உடனே புரிஞ்சிருக்கும்.

அந்த வார்த்தை பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது 1600 வாக்குல, வந்தப்போ முழுக்க வைத்திய வார்த்தையா தான் வந்துச்சு, ஒருத்தரோட ஒடம்புவாகுன்னு அர்த்தம். 1660கள்ல தான் மனசுக்கும் குணத்துக்கும் சேத்து சொல்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒருத்தருக்கு மட்டுமே உள்ள பழக்கம், நடை, போக்குன்னு இன்னைக்கு உள்ள அர்த்தத்துக்கு வந்து நிக்குது. ஆனா வைத்திய அர்த்தம் சாகல. ஒரே மருந்த ஆயிரம் பேரு சாப்பிடுறாங்க, ஒருத்தருக்கு மட்டும் யாரும் எதிர்பாக்காத மாதிரி ஒடம்பு கெட்டுப் போகுது, டோஸ் சரியாதான் இருக்கு, இருந்தும் கெட்டுப் போகுது, அதுக்கு டாக்டருங்க இன்னைக்கும் இந்த வார்த்தையத்தான் போடுறாங்க.

இன்னொண்ணு, இதுக்காகத்தான் இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தேன். அலர்ஜிங்கிற வார்த்தை இன்னைக்கு குழந்தைக்குக் கூடத் தெரியும், ஆனா அது 1906ல தான் பொறந்துச்சு, வியன்னாவுல கிளெமென்ஸ் ஃபான் பிர்கேன்னு ஒரு டாக்டர் வச்ச பேரு. அதுக்கு முன்ன, எல்லாரும் சாப்பிடுற சாப்பாடு ஒருத்தருக்கு மட்டும் ஒத்துக்காம தடிப்பு வந்து மூச்சு முட்டுச்சுன்னா அதுக்கு என்ன பேருன்னு நெனைக்கிறீங்க? இடியோசின்க்ரஸி. அதாவது அண்ணன் இலை போடுறதுக்கு முன்ன "ஒத்துக்குமா"ன்னு கேக்கிறாரே, அவரு விசாரிக்கிறதே அந்த வார்த்தையோட பழைய அர்த்தத்தத்தான். உங்க ஒடம்போட சொந்தக் கலவை என்னன்னு கேக்கிறாரு. அவரப் பாத்து இவருக்கு என்னமோ கோளாறுன்னு சிரிச்சா எப்படி.

அவரு ஏன் கேக்கிறாருன்னு நானும் கேட்டேன். அவரோட தங்கச்சிக்கு சின்ன வயசுல நண்டு சாப்பிட்டு மொகம் வீங்கி கண்ணு மூடி மூச்சு இழுத்துருச்சாம், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடியிருக்காங்க. "கடல்காரன் வீட்டுப் புள்ளைக்கு நண்டு சேரலன்னு யாரு நம்புவா தம்பி, ஊரே கண்ணு பட்டுருச்சுன்னுச்சு"ன்னாரு. தங்கச்சி இப்ப நல்லா இருக்காங்க, எறா, நண்டு ரெண்டயும் தொடுறதில்ல, மீன் சாப்பிடுறாங்க. அது எப்படி மீன் மட்டும் சேருதுன்னு அவருக்கு ரொம்ப நாள் குழப்பமா இருந்திருக்கு. அது சரியான விசயம்தான், எறாலயும் நண்டுலயும் பெரும்பாலும் வம்பு பண்றது ட்ரோபோமயோசின்னு ஒரே வகை புரதம், அது வேக வச்சாலும் லேசுல அழியாது, அதனால ஒண்ணு ஆகாதவங்களுக்கு இன்னொண்ணும் ஆகாமப் போறது சகஜம். மீன்ல தொந்தரவு குடுக்கிற புரதம் வேற. அவரு சட்டியப் பிரிச்சு வச்சது எந்தப் புத்தகத்தையும் படிச்சு இல்ல, வீட்டுல ஒரு புள்ளைய கிட்டத்தட்ட பறிகொடுக்கப் பாத்த பயத்துல வச்சது, ஆனா பெரிய ஊரு ஹோட்டல் பலதுல இத நான் பாத்ததில்ல, ஒரே எண்ணெயில எறா, மீன், சிக்கன், காலிஃபிளவர் எல்லாம் போட்டு எடுக்கிறாங்க.

படிக்கிற பசங்களுக்காக ரெண்டு வரி. இந்த வார்த்தைய பாதிப் பேரு தப்பா எழுதுறாங்க, டெமாக்ரஸி மாதிரின்னு நெனச்சு கடைசியில சி போட்டுருவாங்க. டெமாக்ரஸியில இருக்கிறது க்ராட்டோஸ், ஆட்சி பலம்னு அர்த்தம். இதுல க்ராசிஸ், கலவை, அதனால எஸ். அந்த இடியோஸ்லேர்ந்துதான் இடியமும் வருது, ஒரு மொழிக்கே சொந்தமான பேச்சு. இடியட்டும் அங்கேர்ந்துதான், ஆரம்பத்துல அதுக்கு முட்டாள்னு அர்த்தம் இல்ல, ஊர்ப் பொதுக் காரியத்துல சேராம தன் பாட்டுக்கு இருக்கிற ஆளு, அம்புட்டுதான். க்ராசிஸோட சொந்தக்காரன் க்ரேட்டர், நிலாவுல இருக்கிற பள்ளத்துக்குச் சொல்றோமே அது, கிரேக்கங்க திராட்சை மதுவுல தண்ணி கலக்க வச்சிருந்த அகலமான சட்டிக்குப் பேரு.

மதுவச் சொன்னதும் அழகன்குளம் ஞாபகம் வராம இருக்குமா, கடையிலேர்ந்து பக்கம்தான். வைகை கடல்ல சேருற எடத்துக்கிட்ட தொல்லியல் துறைக்காரங்க 1980கள்லேர்ந்து பல தடவ தோண்டுனதுல ரோமானியக் காசு, மது கொண்டு வர்ற ஆம்போரா ஜாடித் துண்டு, கப்பல் படம் கீறின பானை ஓடுன்னு எத்தன கெடச்சிருக்கு. யவனர், அதாவது கிரேக்க ரோமானியங்க, கொண்டு வந்த தேறலங்கிற மதுவக் குடிச்சு நல்லா இருன்னு பாண்டியன நக்கீரர் வாழ்த்துறது புறநானூறு 56ல இருக்கு. தண்ணி கலந்து குடிச்ச அந்த மனுசங்க சாமானோட வந்து எறங்குன கரை இது. இந்த வார்த்தை அவங்களோட கப்பல்ல இங்க வந்துச்சுன்னு நான் சொல்லல, அது சுத்தி லண்டன் வழியா நம்ம கிராமர் புக்குக்கு வந்துச்சு, ஆனா கலக்குறதுக்குன்னு தனிச் சட்டி வச்சிருந்தவங்களோட பாசைய நம்ம கரை கேட்டிருக்கும்னு நெனைக்கிறப்ப எனக்கு சந்தோசமா இருக்கு.

கடைக்கு வருவோம். குறை இல்லாம இல்ல. சைவம் சாப்பிடுறவங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல, சாம்பார் பேருக்கு வைக்கிறது, பருப்பு தேடணும். கை கழுவுற எடத்துல தண்ணி தேங்கி நிக்குது, அத சரி பண்ணலாம், நான் சொல்லியிருக்கேன். பாத்ரூம் கிடையாது, வயசானவங்களக் கூட்டிட்டுப் போறவங்க உச்சிப்புளியிலயே போயிட்டு வந்துருங்க. கூட்டமா வந்தா அரை மணி நேரம் வேப்பமரத்தடியில நிக்கணும், கார் நிறுத்த எடம் ரோட்டோரம்தான். மோரு விசயத்துல எனக்கும் அவருக்கும் ஒத்துப் போகாது, உச்சி வெயில்ல வர்றவங்களுக்கு ஒரு டம்ளர் மோரு குடுத்தா ஒண்ணும் ஆகிறாதுங்கிறது என் கட்சி.

சாப்பிட வேண்டியது என்னன்னா, காரல் கெடைக்கிற அன்னைக்கு காரல் குழம்பு, முள்ளு ஜாஸ்தி, பொறுமையா சாப்பிடணும், பிள்ளை பெத்தவங்களுக்குப் பத்தியத்துல குடுக்கிற மீனு, எறங்குறதே தெரியாது. விளமீன் வறுவல் மசாலா லேசா தடவி தோசைக்கல்லுல போட்டது, கண்டிப்பா கேளுங்க. கணவாய் சில நாள் ரப்பர் மாதிரி ஆயிருது, அது ஒரு அடுப்புல ரெண்டு சட்டி மாத்தி வைக்கிற அவசரம்னு நெனைக்கிறேன், அத விட்டுருங்க. நண்டு ரசம் நல்லா இருக்கும், ஆனா எல்லா நாளும் இருக்காது.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், அப்ப நாட்டுப்படகு மீனுக்கு போட்டி கூடி விலை ஏறிரும், இவரு கடையில பாதி நாள் கருவாடுதான், அதுக்கு மனச தயார் பண்ணிட்டு போங்க, கருவாட்டுக் குழம்பும் நல்லாதான் இருக்கும். மத்த நாள்ல ஒரு மணிக்கு முன்ன போனா மூடி தொறக்க மாட்டாங்க, ரெண்டரைக்கு மேல போனா சட்டி காலி. பார்சலுக்கு தூக்குவாளி. அண்ணன் வந்து முன்னாடி நின்னு கேள்வி கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க, முன்ன எப்பவாச்சும் வாய் அரிச்சது, தடிச்சது, மூச்சு முட்டுனது எதையும் வெக்கப்பட்டு மறைக்காதீங்க, புள்ளைக்கு அப்படி ஏதாச்சும் வந்திருந்தா இங்க எறா ருசி பாக்க வைக்காம டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அவரும் அதத்தான் சொல்வாரு, சொல்லிட்டு அந்தப் புள்ளைக்கு முள்ளெடுத்த நகரையும் ரசஞ்சோறும் வச்சுக் குடுப்பாரு, அதுக்கு காசு எழுத மாட்டாரு.